இறங்கி உருட்டு: புளியந்தீவுப் பாதையில் சைக்கிள்காரர்

சென்ற வருடம் ஒரு நாள், மஹ்ரிபுக்குச் சற்று முன்னர், காத்தான்குடிப் பிரதான வீதியில் சைக்கிளில் மீன் விற்கும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அடிபட்டு விழுந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். மீன்பெட்டி ஒரு பக்கம், தராசு ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம். அவரைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்கள் நமதூர்ப் பொடியன்மார்தான். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஓட்டோ கண்ணுக்கு மறையுமுன்பே தீர்ப்பு வந்துவிட்டது. "சைக்கிள்காரன்ட பிழைதான். எதிர்ப்பக்கத்தால வந்தவர். இவங்களுக்கு ரோட்டு என்ன, வாப்பாட முதுசமா?"

அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். நானும் தலையை ஆட்டினேன். மோட்டார் சைக்கிள் வாங்கி முப்பது வருடமாகிவிட்ட எனக்கு, சைக்கிள்காரர் குறுக்கே வருவதும், பெல் அடிக்காமல் திரும்புவதும், இரவில் வெளிச்சமில்லாமல் ஓடுவதும் பழகிப்போன எரிச்சல்கள். வீட்டுக்கு வந்து ஒளூச் செய்யும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. என் வாப்பாவும் சைக்கிள்காரர்தான். புளியந்தீவில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதினார். நமதூரிலிருந்து மஞ்சந்தொடுவாய், நாவற்குடா, கல்லடி, பாலம், கோட்டைமுனை என்று போய்த் தீவுக்குள் இறங்குவார். அஸருக்குப் பிறகு மறுகா அதே வழி. அவரைப் பற்றியும் பஸ்காரர்கள் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

நமது பிரதேசத்தின் வரலாற்றை எழுதுவோர் கோட்டையை எழுதினார்கள், குடிவழிகளை எழுதினார்கள், பள்ளிவாசல்களை எழுதினார்கள், 1990 ஐ எழுதினார்கள். சைக்கிளை யாரும் எழுதவில்லை. ஆனால் ஏறத்தாழ மூன்று தலைமுறைக்கு இந்த வாவிக்கரையின் சாதாரண மனிதனைச் சுமந்தது அந்த இரண்டு சில்லுத்தான். அவன் வீதியில் எப்படி நடந்துகொண்டான், ஊர் அவனை எப்படிப் பார்த்தது என்பதை ஒரு சிறு வரலாறாக இங்கே தொகுக்க முயல்கிறேன்.

ஓடத்திலிருந்து பாலத்துக்கு

புளியந்தீவு பெயரிலேயே தீவு. போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டியதும், 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியதும் இந்தச் சிறு நிலத்தில்தான். பின்னர் கச்சேரி, கடைகள், பாடசாலைகள், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கேயும் இதை அடுத்த கோட்டைமுனையிலும் குவிந்தன. எழுவான்கரையாருக்கும் படுவான்கரையாருக்கும் ஒரு கடுதாசி வேலையென்றால் தண்ணீரைக் கடக்காமல் முடியாது. இன்றும் நமது பகுதியில் ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்றுதான் சொல்கிறோம். தண்ணீரில் மிதப்பதற்குப் பாதை என்று பெயர் வைத்த சனம் நாம். பாலம் வரும்வரை அதுதான் நமது ரோட்டு.

கல்லடிப் பாலம் 1924 இல் வந்தது. அப்போதைய தேசாதிபதி வில்லியம் மனிங்கின் மனைவி பெயரால் அதற்கு 'லேடி மனிங் பாலம்' என்று பெயரிட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1928 இல், மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்து நமது போக்குவரத்தை மாற்றின. ரயில் கொழும்புச் சாமானைக் கொண்டுவந்தது. பாலம் அதைத் தென்புறத்து ஊர்களுக்கு இறக்கிவிட்டது. அந்தச் சாமான்களில் ஒன்று சைக்கிள்.

சைக்கிளின் உலக வரலாறும் நமக்குத் தூரமானதல்ல. இரண்டு சில்லும் ஒரே அளவாய், பின்சில்லைச் செயினால் இழுக்கும் வண்டியை இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1888 இல் டன்லொப் காற்றடைத்த டயரைச் செய்தார். அந்த டயருக்கு வேண்டிய இறப்பரின் முதற்கன்றுகள் 1876 இலேயே கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. உலகத்துக்கு டயர் உருள இலங்கை பால் கறந்தது. ஆனால் இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு சாதாரண குடும்பம் சைக்கிள் வாங்க இன்னும் அரை நூற்றாண்டு போனது. ஆரம்பத்தில் அது உத்தியோகத்தரின் வண்டி. ரலி, ஹம்பர், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் மோட்டார்க் காருக்கு அடுத்த மரியாதையோடு உச்சரிக்கப்பட்டன. மாப்பிள்ளைக்குச் சைக்கிள் கொடுப்பது நமதூரில் பெருமையாக இருந்த காலத்தை எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பெல்லும் லாம்பும் தகடும்

சைக்கிள்காரன் ஒழுங்கில்லாதவன் என்ற முறைப்பாடு சைக்கிளைவிடச் சற்றே இளையது. 1879 இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று, குதிரை வண்டியை வெறித்தனமாக ஓட்டுவதற்கு எதிரான சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 1888 இல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் சைக்கிளையும் 'வண்டி' என்று ஏற்றது. ஆனால் இரவில் விளக்கு வேண்டும், யாரையும் முந்தும்போது மணியோ விசிலோ ஒலிக்க வேண்டும் என்றும் விதித்தது. அன்று வீதியின் சொந்தக்காரர் குதிரை வைத்திருந்தவர். குதிரை மிரளும் என்பதால் சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்க வேண்டியிருந்தது. பத்திரிகைகள் குனிந்து வேகமாக மிதிக்கும் இளைஞரைக் கேலி செய்தன. ஒன்றைக் கவனியுங்கள்: மோட்டார் வாகனம் ஊருக்கு வருமுன்பே, 'இவனால்தான் ரோட்டில் ஆபத்து' என்ற பட்டம் சைக்கிள்காரனுக்குக் கிடைத்துவிட்டது. பிறகு வீதியின் சொந்தக்காரர் மாறினார், குதிரை போய்க் கார் வந்தது. பட்டம் மட்டும் மாறவில்லை.

அந்தச் சட்டங்களின் சாயல் இலங்கைக்கும் வந்தது. 1916 இல் வண்டிகள் கட்டளைச் சட்டம், 1951 இல் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம். நமது ஊர் மொழியில் இந்தச் சட்டமெல்லாம் மூன்று சொல்லாகச் சுருங்கியது: பெல், லாம்பு, டபிள்ஸ். பெல் இல்லையா, இரவில் லாம்பு இல்லையா, பாரில் ஒருத்தரை ஏற்றி 'டபிள்ஸ்' போனாயா, பிடி. டைனமோ வாங்க வசதியில்லாதவர்கள் டோர்ச் லைட்டை ஹாண்டிலில் கட்டினார்கள். அதுவும் இல்லாதவர்கள் மெழுகுதிரியைக் காகிதக் கூட்டுக்குள் வைத்துக் கையில் பிடித்தார்கள். எதுவுமே இல்லாதவன் பொலிஸ்காரரைத் தூரத்தில் கண்டதும் குதித்து இறங்கி உருட்டுவான். உருட்டுகிறவன் ஓட்டுநரல்ல, நடக்கிறவன். சட்டத்தைப் படிக்காத சனம் சட்டத்தின் அந்தச் சந்தை நன்றாக அறிந்திருந்தது. பிடிபட்டால் வழக்குப் போடாமல் டயர்க் காற்றைத் திறந்துவிட்டு அனுப்பும் தண்டனையும் இருந்தது. வாப்பா ஒரு முறை அப்படிப் பாலத்தடியிலிருந்து வீடுவரை உருட்டி வந்ததை உம்மா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்.

சைக்கிளுக்கு வருட வரியும் உண்டு. உள்ளூராட்சிச் சபைக்குக் காசு கட்டினால் சிறு தகடொன்று தருவார்கள். அதை வண்டியில் பூட்ட வேண்டும். வாப்பாவின் தகரப் பெட்டியில் அப்படியொரு தகடு இன்னும் கிடக்கிறது, எழுத்தெல்லாம் தேய்ந்துபோய். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் வரும் வரிப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். யானைக்கு வருடம் 50 ரூபாய். குதிரைக்கு 15 ரூபாய். சாதாரண சைக்கிளுக்கு 4 ரூபாய். ஆனால் வியாபாரத்துக்குப் பாவிக்கும் சைக்கிளுக்கு 18 ரூபாய். குதிரையில் ஏறிப் போகிறவரைவிடச் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிப் போகிறவர் கூடக் கட்ட வேண்டும்! இந்தத் தொகைகளை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒன்று தெளிவு. வீதிக்கு வரி கொடுத்தவர்தான் அந்த மீன்காரரும். 'ரோட்டு உன்ட வாப்பாட முதுசமா' என்று கேட்பவருக்கு, பங்கில் ஒரு துண்டு அவருக்கும் உண்டு என்று பதில் சொல்ல இந்தத் தகடு போதும்.

கரியலில் ஏறிய வியாபாரம்

உத்தியோகத்தரின் வண்டி எப்போது வியாபாரியின் வண்டியாயிற்று என்று ஒரு வருடத்தைக் குறித்துச் சொல்ல முடியாது. ஐம்பதுகள், அறுபதுகளுக்குள் அது நடந்து முடிந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த 1970 முதல் 1977 வரையான காலத்தில் மோட்டார் வாகனம் எட்டாக் கனியாகி, சைக்கிளே எல்லாமாயிற்று. அதன் டயருக்கும் ரியூப்புக்கும்கூடத் தவம் கிடந்தார்கள். ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட ரியூப்புகளைப் பார்த்த தலைமுறை நாங்கள்.

காலையில் பாண்காரரின் பெட்டி. அதற்குப் பின்னால் ரப்பர்க் குமிழ் ஹோனை அமுக்கிக்கொண்டு மீன்காரர். பகலில் ஐஸ்பழக்காரரின் மணி. தபால்காரர். பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் மருத்துவிச்சி. மௌத்துச் செய்தியோடு பக்கத்து ஊருக்கு மிதிக்கும் இளைஞன். இவர்களெல்லாம் சைக்கிள்காரர்கள்தான். ஆனால் ஊரின் பார்வை எல்லாருக்கும் ஒன்றல்ல. மருத்துவிச்சி வந்தால் மாட்டு வண்டியும் ஒதுங்கும். தபால்காரர் நடுரோட்டில் நின்று கடிதம் கொடுத்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மீன்காரர் அதே இடத்தில் நின்றால் 'ரோட்ட மறிக்கிறான்'. பிழையைப் பார்க்கிறோம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்னர் ஆளைப் பார்த்துவிடுகிறோம்.

நமது வரலாற்றுக்கு மிக முக்கியமானவர்கள் சைக்கிள் புடவை வியாபாரிகள். கைத்தறிச் சாறன்களையும் சீத்தைகளையும் கரியலில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மண்முனைத் துறையில் பாதையேறிப் படுவான்கரைக்குப் போவார்கள். தமிழ் ஊர்களில் வீட்டுக்கு வீடு கடனுக்குக் கொடுப்பார்கள். அறுவடை முடிந்ததும் நெல்லாகவோ காசாகவோ வசூல். வரும்போது கரியலில் நெல், தேன், தயிர்முட்டி. எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் கலியாணம் என்பது இவர்களுக்குத் தெரியும். ஒரு கொப்பிக் கணக்கும் ஒரு சைக்கிளும்தான் இரு சமூகங்களுக்கும் இடையிலான நம்பிக்கையின் சாமான்கள். படுவான்கரை மண்ரோட்டில் வண்டி புதையும்போது வயலுக்குள்ளிருந்து யாராவது வந்து தள்ளிவிடுவார்கள். அங்கே சைக்கிள்காரனின் 'ஒழுங்கீனம்' பற்றி யாரும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. வீதி நெருக்கமில்லாத இடத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நெருக்கம் இருந்த இடம் கல்லடிப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் பெரிய வாகனம் போகக்கூடிய ஒடுக்கமான இரும்புப் பாலம் அது. ஒரு பக்கத்து வாகனங்கள் நிற்க, மறுபக்கத்து வாகனங்கள் வரும். அதற்குள் ஒரு சைக்கிள் புகுந்துவிட்டால் பின்னால் வரும் பஸ் அதன் வேகத்துக்குத்தான் ஊர வேண்டும். ஹோனுக்கு மேல் ஹோன். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். தடுப்பேயில்லாத வாவியைக் கடந்து வரும் காற்று பக்கவாட்டில் அடிக்கும். சாமான் கட்டிய சைக்கிள் அலையும். இங்கே ஒரு சின்னப் பௌதிகத்தையும் சொல்ல வேண்டும். சைக்கிள் ஓடினால்தான் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறையக் குறைய ஹாண்டில் ஆடும், அதைச் சமாளிக்க அகலம் வேண்டும். நின்று மறுகா எடுப்பதென்றால், முப்பது கிலோ மீனோடு அது ஒரு சின்ன யுத்தம். ஆகவே சைக்கிள்காரன் முடிந்தவரை நிற்காமல் நழுவப் பார்ப்பான். காரில் இருப்பவருக்கு இது திமிர் போலத் தெரியும். அவருக்குப் பிறேக்கை மிதிப்பதும் விடுவதும் கால்விரல் வேலை. இவனுக்கு முழு உடம்பின் வேலை.

வாப்பா பாலத்தடிக்கு வந்தால் இறங்கிவிடுவார். "மனே, பாலத்துல ஓடப்படாது. நமக்குப் பின்னால வாறவன்ட ஏச்சு நமக்கு வேணாம்" என்பார். அவர் ஒழுங்கானவர் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒழுங்குக்காக அவர் தினமும் இரண்டு முறை அந்த நீளத்தை நடந்தார் என்பது எவருடைய கணக்கிலும் சேரவில்லை.

சோதனைச் சாவடிகள்

1990 இல் வேறொருவர் அதே கட்டளையைச் சொன்னார். இறங்கி உருட்டு.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், அடுத்த வாரம் ஏறாவூரிலும் நடந்தவற்றை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது அதன் ஒரு சிறு விளைவு. படுவான்கரைக்குப் போன சைக்கிள்கள் நின்றன. கடன் கொப்பிகள் வசூலிக்கப்படாமலே மூடப்பட்டன. நமது வயற்காணிகளுக்குப் போகும் வழி அடைபட்டது. அந்தக் கரையில் கடன்பட்டிருந்தவர்களும் நல்லவர்கள்தான். அவர்கள் கொடுக்க விரும்பினாலும் வாங்கப் போக ஆளில்லை. ஒரு கொப்பியில் எத்தனை வீடுகளின் பெயர் இருந்தன என்று இன்று எண்ணிப் பார்த்தால், அறுந்தது எவ்வளவு பெரிய வலை என்பது விளங்கும்.

வாவிக்கரை எங்கும் சாவடிகள் முளைத்தன. தமிழரோ முஸ்லிமோ, சாவடியைக் கண்டால் பத்து யார் தூரத்திலேயே இறங்கி, அடையாள அட்டையை எடுத்து, கரியல் மூட்டையை அவிழ்த்துக் காட்டி, உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். ஓடிக்கொண்டே வருகிறவன் சந்தேகத்துக்குரியவன். பெல், லாம்பு, டபிள்ஸ் எல்லாம் மறந்துபோனது. இறங்கினாயா இல்லையா என்பதுதான் ஒரே வீதி ஒழுங்கு. இரவில் வெளிச்சத்தோடு வருவதா, வெளிச்சமில்லாமல் வருவதா, எது ஆபத்துக் குறைவு என்று யோசிக்க வேண்டிய காலம் அது. சாயங்காலமானால் சைக்கிளே வீதியில் இருக்காது. 2019 ஏப்ரலுக்குப் பிறகும் சில மாதங்கள் நம்மவர் கரியல் பைகளை மறுகா அவிழ்த்துக் காட்டினார்கள்.

அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களிடம் ஒரு பழக்கம் தங்கிவிட்டதை நான் கவனித்திருக்கிறேன். சீருடையைக் கண்டால் இறங்குவார்கள். சீருடை இல்லாத இடத்தில் எந்த விதியும் நினைவில் இருக்காது. சட்டம் என்பது வீதியில் எல்லாரும் சேர்ந்து போவதற்கான ஏற்பாடு என்று இருபது வருடம் அவர்களுக்கு யாரும் காட்டவில்லை. அது துவக்கோடு நிற்கும் ஒருவரின் கைச்சைகையாகத்தான் இருந்தது. இன்றைய ஒழுங்கீனத்தின் வேரொன்று அங்கேயும் இருக்கிறது.

பெண்ணும் சைக்கிளும்

மட்டக்களப்பில் தமிழ்ப் பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போவது நீண்டகாலமாகச் சாதாரணம். தாதிமார், ஆசிரியைமார், கடைச் சிப்பந்திகள், காலை நேரத்தில் வரிசையாய்ப் போவார்கள். நமது பெண்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. சிறுமியாய் இருக்கும்வரை வளவுக்குள் ஓடலாம். பெரிய பிள்ளையானதும் சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். என் ராத்தா என்னைவிட நன்றாக ஓட்டினார். பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவர் சைக்கிளைத் தொடவில்லை. யாரும் தடை போட்டதாக அவர் சொல்வதில்லை. "ஆக்கள் பாப்பாங்க" என்பது மட்டும்தான் காரணம். சைக்கிள்காரனிடம் ஊர் கேட்டது 'நீ எப்படி ஓட்டுகிறாய்' என்று. பெண்ணிடம் கேட்டது 'நீ ஏன் ஓட்டுகிறாய்' என்று.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துச் சைக்கிளையும் கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை விரிவாக எழுதினார். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள், முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். ஆரம்பத்தில் கேலியும் ஏச்சும் இருந்தன. சந்தைக்குச் சாமான் கொண்டுபோவதும், தண்ணீர் எடுப்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு விடுவதும் எளிதானதும் கேலி தானாய் ஓய்ந்தது. நமதூரிலும் அது நடந்தது, சைக்கிளைத் தாண்டிப்போய். இன்று அபாயா அணிந்து ஸ்கூட்டியில் போகும் நமது ஆசிரியைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு சமூகத்தின் பார்வை மாறக்கூடியது என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

ஈச்சமரத்துக்கு அந்தப் பக்கம்

யுத்தம் முடிந்த பிறகு வீதிகள் அகன்றன. 2013 இல் பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான் உதவியோடு கட்டப்பட்ட புதிய பாலம் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் மண்முனையில் பாதைக்குப் பதிலாகப் பாலம் வந்தது. பழைய லேடி மனிங் பாலம் இடிக்கப்படாமல் நடப்பவர்க்கும் சைக்கிளுக்கும் மிஞ்சியது. தொண்ணூறு வருடமாய் ஹோனடித்து ஒதுக்கப்பட்டவனுக்கு, கடைசியில் பாலமே கிடைத்தது! அதில் மிதிக்கும்போது எவரும் ஏசுவதில்லை, எவரும் ஆபத்தில்லை. அதே ஆக்கள், அதே சைக்கிள். மாறியது இடம் மட்டும்தான்.

இனி நமதூர்ப் பிரதான வீதிக்கு வருவோம். நடுவே மேடை கட்டி ஈச்சமரம் நட்டு அழகாய் வைத்திருக்கிறோம். வெளியூரார் நின்று படமெடுக்கிறார்கள். எனக்கும் அது பெருமைதான். ஆனால் மேடை வந்ததும் சைக்கிள்காரனின் கணக்கு மாறியது. முன்னர் நேரே குறுக்கே கடந்த இடத்துக்கு, இப்போது இடைவெளி இருக்கும் இடம்வரை போய்த் திரும்பி அதே தூரம் வர வேண்டும். மோட்டாருக்கு அது அரை நிமிடம். மிதிக்கிறவனுக்குச் சுமையோடு சில நிமிடம், அதுவும் வேக வாகனங்களுக்கு நடுவில் வலப்பக்கம் ஒதுங்கி நின்று திரும்பும் சில நிமிடம். ஆகவே அவன் ஓரத்தால் எதிர்த்திசையில் வருகிறான்.

அந்த மீன் வியாபாரி செய்ததும் இதுதான். அவர் போக வேண்டிய ஒழுங்கை ஐம்பது யாருக்குள் இருந்தது. நான் பிறகு போய்ப் பார்த்தேன். விபத்து நடந்த இடத்தில் கால் மணித்தியாலம் நின்றேன்; எதிர்த்திசையில் வந்த சைக்கிள்களை எண்ணத் தொடங்கி, பதினொன்றோடு விட்டுவிட்டேன். அதில் வெள்ளைச் சீருடைப் பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். சட்டப்படி பிழை அவருடையது, நான் மறுக்கவில்லை. ஆனால் அத்தனை பேரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்தால், பிழையில் ஒரு பங்கு அந்த இடத்துக்கும் உண்டு.

புளியந்தீவில் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் நாடு இன்று சைக்கிளுக்குப் பேர்போனது. அது அவர்களின் இரத்தத்தில் இருந்த குணமல்ல. 1971 இல் அங்கே வீதி விபத்துகளில் 3,000 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் பிள்ளைகள். பெற்றோர் தெருவுக்கு இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே ஓர் இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். 1973 இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதோடு நிற்காமல், சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள், குடியிருப்புத் தெருக்களில் காரின் வேகத்தைக் குறைத்தார்கள். 2020 க்கு முந்திய வருடங்களில் இலங்கையின் வீதிகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நடந்தவர்களும், இரண்டு சில்லிலும் மூன்று சில்லிலும் போனவர்களும். நாம் இன்னும் தேநீர்க்கடையில் இருந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கும் ஓர் எண்ணெய் நெருக்கடி வந்தது. 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். தூசு பிடித்த சைக்கிள்களை வெளியே எடுத்தோம். புதுச் சைக்கிளின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. கந்தோர் வாசலில் அதிகாரியின் சைக்கிளும் பியோனின் சைக்கிளும் பக்கத்துப் பக்கத்தில் சாத்தியிருந்தன. அந்தச் சில மாதங்கள் சைக்கிள்காரனைப் பற்றி எவரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் எல்லாரும் அவனாயிருந்தோம். நானும் மிதித்தேன். நானும் அந்த ஈச்சமர மேடைக்குப் பக்கத்தில் எதிர்த்திசையில் வந்திருக்கிறேன். கியூ.ஆர். அட்டை வந்து பெற்றோல் கிடைத்ததும் மறந்துவிட்டேன்.

வீதியின் உரிமை

பாதையோரங்களில் உட்காருவதாயின் பாதைக்குரிய உரிமையைக் கொடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. பிறருக்குத் தொல்லை தராமலிருப்பது அந்த உரிமைகளில் ஒன்று. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதும் நாம் மத்ரஸாவில் படித்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொறுப்பு இரு பக்கமும் இருக்கிறது.

சைக்கிள்காரருக்குச் சொல்ல வேண்டியது உண்டு. இரவில் வெளிச்சமில்லாமல் வருவது உங்கள் உயிருக்கு மட்டுமல்ல, உங்களை இடிக்கப் போகும் அந்தப் பொடியனின் வாழ்வுக்கும் கேடு. ஒரு கையில் போன், மறுகையில் ஹாண்டில் என்று வருவதற்கு எந்த வரலாறும் நியாயம் சொல்லாது. மூன்று பேர் கதைத்துக்கொண்டு ரோட்டை அடைத்துப் போவதும் தொல்லைதான்.

ஊருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பாடசாலை விடும் நேரத்தில் மேடை இடைவெளிகளில் ஒருவர் நின்று பிள்ளைகளைக் கடக்கவைக்கலாம். இடைவெளிகள் சனம் கடக்கும் இடங்களில் இருக்கின்றனவா என்று நகர சபை ஒரு நாள் நின்று பார்க்கலாம். நாவற்குடாவிலிருந்து பழைய பாலம்வரை ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு கோடு கீறிக்கொடுத்தால், பாலத்தில் கிடைத்த நிம்மதி ரோட்டிலும் கொஞ்சம் கிடைக்கும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத், ஸதகா நிதியிலிருந்து சைக்கிள் வியாபாரிகளுக்குப் பின்விளக்கும் ஒளி தெறிக்கும் பட்டியும் வாங்கிக்கொடுத்தால் அது இடையூறை அகற்றியதாகும் என்றே எனக்குப் படுகிறது.

ஆய்வாளருக்கும் ஒரு வேண்டுகோள். படுவான்கரைக்குப் போன சைக்கிள் வியாபாரிகளில் உயிரோடு இருப்பவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதுக்காரர்கள். அவர்களின் கடன் கொப்பிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கும். வரித் தகடுகள் இருக்கும். அவற்றைச் சேர்த்து வையுங்கள். நம் இரண்டு கரைகளும் ஒரு காலத்தில் எப்படிக் கொடுத்து வாங்கின என்பதற்கு அவைதான் சாட்சி.

மீன் வியாபாரியை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். எழும்பி ஊன்றுகோலோடு நடக்கிறார். சைக்கிள் வளவில் பலாமரத்தில் சாத்திக் கிடக்கிறது, முன்சில்லு நெளிந்தபடி. இடித்த பொடியனும் வந்து பார்த்து அழுதானாம். "அவன்ட பிழையில்ல காக்கா, நான்தான் எதிர்ப்பக்கத்தால வந்தன்" என்றார். மற்ற எல்லாரும் அவருக்குச் சொன்ன தீர்ப்பை அவரும் தனக்குச் சொல்லிக்கொண்டார். நான் அந்த மேடையைப் பற்றி, இடைவெளியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அத ஆருக்காவது சொல்லுங்களன்" என்றார்.

அதற்காகத்தான் இதை எழுதினேன்.